சுவர்ப்பக்கம் நின்ற ஆறு பேர்

நான் ஒரு தேர்தலைக் கெடுத்தேன். முப்பத்தொரு பிள்ளைகள் புன்னைக்கொட்டையால் வாக்களித்த தேர்தல் அது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அஞ்சுகிராமத்துக்கு மேற்கே ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்போது திருவிதாங்கூர் முழுக்கச் சட்டசபைத் தேர்தல் பேச்சாக இருந்தது. பள்ளியை நடத்திய மானேஜர் பெரிய நிலக்காரர். அவரும் தேர்தலுக்கு நிற்பதாக இருந்தார். அதனால் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வரும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சட்டசபை நடத்திக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார். ராஜ்யம் எப்படி ஆளப்படுகிறது, சட்டத்தை யார் செய்கிறார்கள் என்ற பாடம் என்னுடையது. சபைத் தலைவராக வரும் பிள்ளைக்கு மானேஜரின் கைவைத்த நாற்காலி. மற்றவர்கள் எழுந்து நின்று அந்த நாற்காலியை வணங்கிவிட்டுத்தான் பேசவேண்டும்.

தலைவர் இடத்துக்கு இருவர் நின்றார்கள். ஒருவன் மானேஜரின் தங்கை மகன். இன்னொருவன் கடைசிப் பெஞ்சுக்காரன். அவனுடைய தகப்பனார் மானேஜரின் வயலில் நடவும் அறுப்பும் செய்பவர். ஊர் தொடாத சாதி. நானும் அவனுடைய சிலேட்டைக் கையில் வாங்காமல் பெஞ்சில் வைக்கச் சொல்லித்தான் பார்ப்பேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

கை தூக்கச் சொல்லியிருந்தால் ஒரு கைகூட அவனுக்காக உயர்ந்திருக்காது. ஆனால் வாக்கு ரகசியமானது என்று நானே பாடம் நடத்தியிருந்தேன். இரண்டு மண்சட்டிகளைத் தட்டிக்கு அப்பால் வைத்து, ஆளுக்கு ஒரு புன்னைக்கொட்டை கொடுத்தேன். எண்ணிப் பார்த்தபோது கடைசிப் பெஞ்சுக்காரனுக்குப் பத்தொன்பது.

யாரோ பின்னாலிருந்து, "லேய் மக்கா, நாற்காலி கால் ஒடிஞ்சிராம இருலே!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மணியடித்த பிறகு தயங்கித் தயங்கி வந்தான்.

"சார், வெள்ளிக்கிழமை எங்க அப்பா வந்து பாக்கலாமா? உள்ள வராது. புளியமரத்து மூட்டுல நின்னுக்கிடும்."

"வரட்டும்" என்றேன்.

அன்று சாயங்காலமே தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஓய், நீரு பாடம் நடத்துதீரா, ஊரைக் கொளுத்துதீரா? மானேஜருக்க நாற்காலியில ஆரு இருக்கப்போறான்னு தெரியுமாவே?"

"பிள்ளைகள் போட்ட ஓட்டு..."

"பிள்ளைகளுக்க ஓட்டா உம்ம வேலைய ஸ்திரப்படுத்தப் போவுது? நாளைக்குள்ள சரியாக்கும்."

இரவெல்லாம் சட்டத்தைப் புரட்டினேன் என்று சொன்னால் பொய். வழி உடனே தோன்றிவிட்டது. அது என் பாடத்திலேயே இருந்தது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "நேற்று நடந்தது முறைப்படி இல்லை. நம் ராஜ்யத்தில் எல்லாருக்கும் வாக்கு கிடையாது. நிலத்துக்குக் கரம், அதாவது வரி, தீர்ப்பவர்களுக்குத்தான் உண்டு. அவர்கள்தான் தேர்தலுக்கும் நிற்கலாம். தகப்பனார் கரம் கட்டும் பிள்ளைகள் பெஞ்சில் இருங்கள். மற்றவர்கள் சுவர்ப்பக்கம் போய் நில்லுங்கள்."

ஆறு பேர் எழுந்து போனார்கள். கடைசியாகப் போனவன் அவன். போகிற வழியில் நின்று கேட்டான்:

"சார், கரம் கட்டுதவங்க வயல்ல வேல செய்யுதவனுக்கு?"

"அது பாடத்தில் இல்லை."

"உங்களுக்கு ஓட்டு உண்டா சார்?"

"உண்டு" என்றேன்.

எங்கள் வீட்டு நிலம் முழுவதும் அண்ணன் பெயரில் இருந்தது. என் பெயரில் ஒரு சென்ட் இல்லை. நான் சொன்ன விதிப்படி ஏழாவது ஆளாகச் சுவர்ப்பக்கம் நிற்கவேண்டியவன் நான்.

இருபத்தைந்து புன்னைக்கொட்டைகளும் ஒரே சட்டியில் விழுந்தன. இன்னொரு சட்டியை நான் முன்னமே எடுத்துவிட்டிருந்தேன்.

அவனுடைய தகப்பனாரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னல் வழியே பார்த்தேன். வெளுத்த வேட்டி கட்டி, தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புளிய மரத்தடியில் அவர் நின்றார். நாற்காலியில் மானேஜரின் தங்கை மகன் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தான். ஆறு பேரும் சுவர்ப்பக்கம் நின்றார்கள். அப்படி நிற்க வைத்ததும் நான்தான். வாக்கில்லாதவர்கள் யார் என்று இன்ஸ்பெக்டருக்கு விளங்கவேண்டும் அல்லவா?

சபை நடந்து முடிந்தது. இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். "இவர்கள் ஏன் நிற்கிறார்கள்?"

அவன் ஓரடி முன்னால் வந்தான். முதல் தேர்தலை அவன் சொன்னால் என் கதை முடிந்தது.

"கரம் தீர்ப்பவர்களுக்கே வாக்குரிமை உண்டு. எங்களுக்கு நிலமில்லை. ஆகையால் வாக்கில்லை." நான் எழுதிப்போட்டதை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான்.

"பேஷ்!" என்று இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நன்றாக நடத்தியிருக்கிறீர். உமக்கு எந்த ஊரில் வாக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மானேஜர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இவருக்கு ஏது ஓட்டு? வஸ்து பூரா அண்ணன்காரன் பேருலல்லா கிடக்கு! இவரு பாடம் நடத்தத்தான் லாயக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுவர்ப்பக்கம் மட்டும் சத்தமில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிள்ளைகள் கலைந்த பிறகு நாற்காலியை மானேஜர் அறைக்குத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தேன். அவன் வாசலில் ஒதுங்கி வழிவிட்டான். கேலியில்லாமல், சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டான்:

"சார், அப்போ நீங்களும் எங்ககூடச் சுவர்ப்பக்கமா?"

என் இரு கையிலும் நாற்காலி இருந்தது. அவனைக் கடந்து போனேன். திரும்பி வந்தபோது, புளிய மரத்தடியிலிருந்து தகப்பனும் மகனும் வரப்பில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தகப்பனார் துண்டை இன்னும் தோளில் போடவில்லை.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று. அவன் அந்த வருஷம் முழுக்க வந்தான், எல்லாப் பரீட்சையிலும் முதலிடம் வாங்கினான். என்னிடம் மறுபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.