பின்னந்தலை

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்து பார்லரில், சங்கு வளையல் போட்ட அந்தப் பெண்மணியிடம்தான் வருஷக்கணக்காக முடி வெட்டிக்கொள்கிறேன். கத்தரி ஓடும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். என் சுருட்டை முடி படிந்தது அந்தக் கைக்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் தானாகச் சொக்கும்.

வெட்டி முடித்ததும் மற்றவர்கள் கைக்கண்ணாடியில் பின்னந்தலையைக் காட்டுவார்கள். இவரும் முன்பெல்லாம் காட்டியவர்தான். சில மாதங்களாக நிறுத்திவிட்டார். கைமேல் அவ்வளவு நம்பிக்கை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவர் ஊரில் இல்லை. அவசரத்துக்கு சால்ட் லேக்கில் ஆபீஸ் அருகே ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் போனில் படமெடுத்துக் காட்டினாள். பின்னந்தலையில் நாணயம் அளவுக்கு வழுக்கை.

அவர் திரும்பி வந்ததும் நேரே போய்க் கேட்டேன்.

"தெரியும் தீதி," என்றார் வங்காள மொழியில்; என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "துர்கா பூஜைக்கு முன்னாடியே பார்த்தேன். அன்னிக்கு உங்க பொண்ணு கல்யாணத்தைப் பத்தி அவ்வளவு சந்தோஷமா பேசிட்டிருந்தீங்க. அப்புறம் வந்தப்பல்லாம் அடுத்த தடவை சொல்லிக்கலாம்னு, மேல் முடியை இறக்கி மூடிட்டேன்."

"அப்பவே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட போயிருப்பேனே!"

அவர் கையில் கத்தரி இல்லாமலே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

என் பெண்ணின் கல்யாணப் படங்களை இன்னொரு முறை பார்த்தேன். எதிலும் அந்த வழுக்கை தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாக மூடியிருக்கிறார்.

இந்த மாதமும் அவரிடம்தான் போனேன். கண்ணை மட்டும் மூடவில்லை.