ஐஸ் கம்பெனி முற்றத்தில் கபடி

ஐஸ் கரையாமலிருக்கக் கொட்டும் ஈர உமியின் வாசனையும், அதனடியிலிருந்து உள்ளங்காலில் ஏறும் சில்லிப்பும்தான் எனக்குக் கபடி. கடலூர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஷாகுல் மாமாவின் ஐஸ் கம்பெனி முற்றத்தில்தான் பள்ளிக்கூடப் பெண்களான நாங்கள் சாயங்காலம் ஆடுவோம். ஊர் மைதானம் கிரிக்கெட் ஆடும் அண்ணன்மாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது போல் இருந்ததால், மாமா தம் முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்துக் கொடுத்தார். வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலம், தேர் ஓடினால் மோருக்கு ஐஸ் என்று எதற்கும் முன்னால் நிற்கிற மனிதர். இளமையில் தாமும் கபடி ஆடி முட்டியை உடைத்துக்கொண்டவர்.

ஐஸ் "பார்"களை இழுத்து இழுத்து அந்த முற்றம் எந்நேரமும் சொதசொதவென்றிருக்கும். "வழுக்குது மாமா" என்று முறையிட்டால், "விழுந்தா மண்ணுதானே, தொடைச்சிக்க" என்பார். லோடு ஏற்ற வந்த படகுக்காரர்கள் கத்தினால், "நாலு மணிக்கு முன்ன வந்து ஏத்திக்கப்பா, சாயங்காலம் கம்பெனி கபடிக்குத்தான்" என்று அனுப்பிவிடுவார்.

அந்த வருஷம் மாவட்டக் கபடியில் இறுதிப் போட்டி வரை வந்துவிட்டோம்; ஆட்டம் சிதம்பரத்தில். அதற்கு முதல் நாள், சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்த்த அப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "கப்பு வாங்கினா ஆடு. இல்லன்னா இதோட விட்டுட்டுத் தையல் கிளாஸுக்குப் போ." அழுகையை அடக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனால், கல்யாண வீடுகளுக்குச் செய்வது போல, மாமா ஐஸ் வார்க்கும் டின் தண்ணீரில் ரோஜாக்களைப் போட்டுக்கொண்டிருந்தார். அது உறைந்தால் "பூ ஐஸ்".

"யாருக்குக் கல்யாணம் மாமா?"

"நாளைக்கு நீங்க கப்போட வர்றீங்கல்ல, வாசல்ல வைக்க."

"தோத்துட்டா?"

"ஐஸ் உறைய ஒரு நாள் ஆவும்மா. நீ ஜெயிச்சப்புறம் போட்டா எப்ப உறையறது?"

மறுநாள் எங்களுக்கு முன்பே மழை சிதம்பரம் போய்ச் சேர்ந்திருந்தது. மைதானத்தில் நாற்றே நடலாம். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று நடத்தியவர்கள் யோசிக்க, எதிரணிப் பயிற்சியாளர், எங்கள் குச்சிக் கால்களைப் பார்த்தோ என்னவோ, "சீக்கிரம் முடிச்சிடலாம் சார்" என்றார். எங்களோடு வந்திருந்த மாமா சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார். ஷூ போட்ட அந்த அக்காமார் சறுக்கிச் சறுக்கி விழ, வெறுங்காலோடு நாங்கள் விரலால் சேற்றைக் கவ்விக்கொண்டு நின்றோம்; எங்கள் முற்றத்தோடு ஒப்பிட்டால் அது சிமெண்டுத் தரை. ஆனாலும் அவர்களும் கெட்டிக்காரிகள், விட்டுக் கொடுக்கவில்லை. இரண்டு அணியும் சமமாக நிற்கையில் கடைசியாகப் பாடிப் போகும் முறை எனக்கு வந்தது. ஒருத்தியின் தோளைத் தொட்டுத் திரும்புவதற்குள் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். தையல் மிஷின் கண் முன்னே வந்தது. ஐஸ் பார் போல வயிற்றாலேயே சறுக்கிக் கையை நீட்டினேன்; நடுக்கோட்டில் விரல் பட்டது.

விசில் ஊதியதும் மாமா அந்த முட்டியோடு ஓடிவந்து, வெள்ளை வேட்டியோடு சேற்றில் விழுந்தார். "விழுந்தா மண்ணுதானே மாமா, தொடைச்சிக்குங்க!" என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை.

திரும்பி வந்தபோது கம்பெனி வாசலில் ரோஜாப் பாளம் நின்றது, பக்கத்தில் அப்பா. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, ஆடு" என்றார்.

இன்று ஐஸ் கம்பெனி இல்லை. அந்த இடத்தில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வரும் கார்கள் நிற்கின்றன. நான் சிதம்பரத்தில் விளையாட்டு ஆசிரியை. சென்ற வாரம் என் மாணவிகளுக்கு இறுதிப் போட்டி; அதை முன்பே மாமாவிடம் போனில் சொல்லியிருந்தேன். ஜெயித்த கையோடு, யாரிடமும் மூச்சு விடாமல், கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலை விட்டு இறங்க முடியாத மாமா, மருமகளைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொன்னார். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பனிக்கட்டி. உள்ளே ஒற்றை ரோஜா.

"ஜெயிச்சோம்னு உங்களுக்கு யாரு மாமா சொன்னா?"

"யாரும் சொல்லல," என்றார். "நேத்தே போட்டு வச்சிட்டேன்."