நாலு புத்தகம், ஒரே சாட்சி

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. திருவானைக்காவலில் ஒரு தகரக் கொட்டகையில், வாடகைக்கு எடுத்த ஒரு வெல்டிங் மிஷினோடு தொடங்கியவன், இன்றைக்குத் துவாக்குடியில் மூன்று ஷெட் வைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு. பெரிய பாய்லர் தொழிற்சாலையிலிருந்து ஆர்டர் எடுத்து, அதைத் தொழிற்சாலைக்கு வெளியே வைத்துச் செய்து கொடுத்த முதல் பட்டறை திருச்சியிலேயே என்னுடையதுதான். இது நானாகச் சொல்வதில்லை, நாலு புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்று கல்யாண வீட்டிலும் சொல்வேன், ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடமும் சொல்வேன். அந்த நாலு புத்தகமும் ஹாலில் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கும், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி.

என் மருமகள் திருச்சிப் பட்டறைகளின் வரலாற்றை முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு எடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது, முதல் வரி வீட்டு ஹாலிலேயே இருக்கிறதே என்று நினைத்தேன். நாலு புத்தகத்தையும் துணியால் துடைத்து, அவள் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

அதுவரை ஆராய்ச்சி என்றால், பல புத்தகங்களைப் படித்து நல்ல வரிகளைப் பொறுக்கி எடுத்து அழகாகக் கோத்து எழுதுவது என்றுதான் எண்ணியிருந்தேன். அவள் படிக்கிற விதமே வேறாக இருந்தது. நாலையும் விரித்து வரிசையாக வைத்துக்கொள்வாள். முதல் புத்தகத்தில் ஒரு வரி, உடனே இரண்டாவதில் அதே விஷயம், பிறகு மூன்றாவதில், நாலாவதில். ஜட்ஜ் நாலு சாட்சியையும் ஒரே கூண்டில் நிறுத்தி விசாரிக்கிற மாதிரி இருக்கும். காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும்.

ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, உங்க முதல் பட்டறை எங்க இருந்துச்சு?"

"திருவானைக்காவல்ல. இதென்னம்மா கேள்வி? ஊருக்கே தெரியும்."

"நாலு புத்தகத்துலயும் எடமலைப்பட்டி புதூர்னு போட்டிருக்கே?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஆமாம். என் பெயர் வருகிற வரி எனக்கு மனப்பாடம். அதற்கு அடுத்த வரியை நான் கவனித்ததே இல்லை.

"ஏதோ தவறிப் போட்டுட்டாங்கம்மா. விடு."

"ஒருத்தர் தவறிப் போடலாம் மாமா. நாலு பேரும் தனித்தனியா விசாரிச்சு எழுதியிருந்தா, நாலு பேரும் அதே இடத்துலயா தவறுவாங்க?"

எப்படி ஆனது என்று அவளே பிரித்துக் காட்டினாள். நாலில் முதலில் வந்தது சிறுதொழில் சங்கத்தின் வெள்ளி விழா மலர். அது வந்த காலத்தில் என் பட்டறை எடமலைப்பட்டி புதூருக்கு மாறியிருந்தது. மலரைத் தொகுத்தவர் என் லெட்டர் பேடில் இருந்த விலாசத்தைப் பார்த்து, தொழில் தொடங்கிய இடமும் அதுதான் என்று எழுதிவிட்டார். இரண்டாவது புத்தகம் மலரைப் பார்த்து எழுதியது, மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து. நாலாவதில் அடிக்குறிப்பெல்லாம் போட்டு ரொம்ப கம்பீரமாக இருக்கும். அந்த அடிக்குறிப்பு கை காட்டியதும் மூன்றாவது புத்தகத்தைத்தான்.

"அப்ப இது நாலு சாட்சி இல்ல மாமா. ஒரே சாட்சி."

"அந்த ஒரு சாட்சி யாரும்மா?"

"மலருக்கு விவரம் குடுத்தது யாரு?"

"நான்தான்."

அவள் நாலு புத்தகத்தையும் மூடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

எங்கள் தொழிலில் வெல்டிங் மேலே பளபளவென்று இருக்கும். அதை நம்பி யாரும் பாய்லரில் நீராவி ஏற்றுவதில்லை. எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தால்தான் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று தெரியும். அச்சடித்த எழுத்துக்கும் அப்படி ஓர் எக்ஸ்ரே உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை எடுக்கத் தெரிந்தவள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கண்டிப்பானவர். முதல் பட்டறை மாமனாருடையது என்று எழுதுவதானால் வேறு ஆதாரம் காட்டு, இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடு, வீட்டு மனிதருக்காக எழுதினாய் என்று ஒரு பேச்சு வந்தால் மொத்த ஆய்வும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வரி அவளுக்குப் பல வருஷ உழைப்பு. எனக்கு மானம்.

அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு வந்த இன்னொருவர் அரியமங்கலத்துக்காரர். தான்தான் முதல் என்று அவரும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. அவரிடம் போகப்போவதாக மருமகள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

"மலர்ல அவரு பேரே இல்லையேம்மா. அதுலயே தெரியலையா?"

மலரின் பின்பக்கங்களைத் திருப்பி விளம்பரங்களைக் காட்டினாள். "முழுப்பக்கம் விளம்பரம் குடுத்தவங்களுக்கு மட்டும்தான் வாழ்க்கைக் குறிப்பு போட்டிருக்காங்க. இதோ உங்களோடது, முழுப்பக்கம். அவரோடது கால் பக்கம். அவரு பேர் விட்டுப்போனதுக்கு இதுதான் காரணம் மாமா. முதல்ல வந்தாரா பின்னால வந்தாராங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

இருப்பதைப் படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லாமல் போனது ஏன் இல்லாமல் போனது என்றும் படிப்பார்களா?

அரியமங்கலம் போய்த் திரும்பியவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "முதல் ஆர்டருக்கு இரும்பு பிளேட்டை வளைச்சு உருட்டின ரோலிங் மிஷின் யாருதுன்னு உங்களைக் கேக்கச் சொன்னாரு மாமா."

"அவரோடதுதான். ஆனா பிளேட் என்னுது, ஆர்டர் என்னுது."

"அவரும் அதையேதான் சொன்னாரு. மிஷின் என்னுது, உருட்டிட்டு எடுத்துட்டுப் போனது அவருன்னு. ஆர்டர் பேப்பர் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

என்னுடையதைக் கரையான் தின்றிருந்தது. அவருடையதை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. தொழிற்சாலை பக்கமும் தேடிப் பார்த்தாள், பெயர் போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு அந்தப் பத்தியை எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினாள். இரு பட்டறைகளும் முதலிடத்தைக் கோருகின்றன. அச்சான நான்கு நூல்களும் ஒருவர் தந்த தகவலிலிருந்தே கிளைத்தவை, ஆகவே அவை ஒரே சான்று. அந்த ஒருவர் ஆய்வாளரின் மாமனார். கிடைத்துள்ளவற்றைக் கொண்டு யார் முதல் என்று முடிவு செய்ய இயலாது. இரு பட்டறைகளும் ஓர் உருட்டு எந்திரத்தைப் பொதுவில் பயன்படுத்தின என்பதை மட்டும் இருவரும் தனித்தனியே உறுதிப்படுத்துகின்றனர்.

"ஒருவேளைன்னு ஒரு வார்த்தை போட்டு என் பேரை முன்னால வைக்கக் கூடாதாம்மா?"

"வைக்கலாம் மாமா. எதை வச்சு வச்சேன்னு கேட்டா?"

கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். எத்தனையோ இன்ஸ்பெக்டர்களைப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தவன் நான். அந்தப் பத்தியில் ஓர் உளி நுனி நுழைக்கக்கூட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பட்டம் கொடுப்பதற்கு முன் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அரியமங்கலத்துக்காரர் சலவை வேட்டியில் வந்து எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தார். தேர்வாளர்கள் முடித்து, வந்திருப்பவர்கள் கேட்கலாம் என்றதும் எழுந்துவிட்டார்.

"எல்லாம் நல்லா எழுதியிருக்கம்மா. யாரு முதல்னு மட்டும் சொல்லாம விட்டுட்டியே. மாமனாருக்குப் பயமா?"

அறையே சிரித்தது. இவள் வாய் தடுமாறினால் எல்லாம் போச்சு.

"பயந்திருந்தா அவரு பேரைப் போட்டிருப்பேங்க ஐயா. சொல்ல முடியலன்னு எழுதுறதுக்குத்தான் இத்தனை வருஷம் ஆச்சு. உங்ககிட்டயோ அவர்கிட்டயோ ஒரு துண்டுச் சீட்டு கிடைச்சாக்கூடக் குடுங்க, திருத்தி எழுதிடறேன்."

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குக் கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. பொங்கி எழுகிற பாய்லரின் முன்னால் நின்றிருக்கிறேன், அப்போதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை. என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை, எனக்காகச் சாயவும் இல்லை. எங்கள் இரண்டு பேர் வாயையும் ஒரே பதிலில் அடைத்துவிட்டாள்.

பட்டம் உறுதி என்று அறிவித்த பிறகு வெளியே டீயும் வடையும் கொடுத்தார்கள். அரியமங்கலத்துக்காரர் டம்ளரோடு என் பக்கம் வந்தார்.

"என்ன முதலாளி, தோத்துட்டீங்களா?"

"நீங்க ஜெயிச்சுட்டீங்களா?"

கொஞ்ச நேரம் டீயை ஊதினார். "பரண்ல பழைய சாமான் கொஞ்சம் கிடக்கு. வெள்ளத்துக்குத் தப்பினது. ஏதாவது இருக்கான்னு தேடிப் பாக்கறேன்."

"தேடுங்க," என்றேன். "கிடைச்சா என்கிட்ட காட்டாதீங்க. அவகிட்ட குடுங்க."