க்ளிக் அக்காவின் வலது கை

க்ளிக் அக்காவுக்குக் காது கூர்மை. பாட்டு அலறும், குழந்தைகள் கத்தும், தலைக்கு மேல் வண்டி தடதடக்கும். அத்தனைக்கும் நடுவில் மடிக்கம்பி பூட்டிக்கொள்ளும் சத்தம் அவருக்குத் தனியாகக் கேட்கும். பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் மேடையில் அவருக்கு வேலை. பயணிகள் உட்கார்ந்ததும் ஒவ்வொருவர் மடிமீதும் இரும்புக் கம்பியை இறக்கி அழுத்துவார். 'க்ளிக்' என்று கேட்ட பிறகும் நம்பாமல் ஒருமுறை மேலே இழுத்துப் பார்ப்பார். சத்தம் வரவில்லை என்றால் மந்திரியே உட்கார்ந்திருந்தாலும் வண்டி நகராது. "க்ளிக் வரலீங்க, கொஞ்சம் வயித்த உள்ள இழுங்க" என்பார். அந்தச் சொல்லே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

மேடையின் இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் இன்னொரு ஊழியர். தன் பக்கத்து இருக்கைகளைப் பார்த்து முடித்ததும் ஒரு கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்க வேண்டும். கண்ணாடி அறைக்குள் இருக்கும் ஆபரேட்டர் இரண்டு பக்கமும் கை தெரிந்தால்தான் வண்டியை விடுவார். ஏதாவது கோளாறு என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைக்க வேண்டும். ஒற்றைக் கை என்றால் போகலாம். பெருக்கல் குறி என்றால் நிறுத்து. அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் எடுபடாது.

பயணிகளின் கைகளோடுதான் அவருக்கு ஓயாத மல்லுக்கட்டு. 'இரு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொள்ளவும்' என்று பலகையில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். அக்கா வேறு வாய் வலிக்கச் சொல்வார். "சரிங்கக்கா" என்று எல்லாரும் சாதுவாகப் பிடித்துக்கொள்வார்கள். முதல் ஏற்றம் முடிந்து வண்டி கீழே பாயப்போகிற நேரத்தில் பார்த்தால், ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வகுப்பு மொத்தத்துக்கும் விடை தெரிந்துவிட்ட மாதிரி அத்தனை கைகளும் மேலே நிற்கும். அக்கா கீழே தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தத் தலையில் அடித்துக்கொள்வதற்கும் கை எழும்பாத ஒரு காலம் வந்தது.

முதலில் துணி காயப்போடும்போது வலது தோளில் ஒரு சுளுக்கு மாதிரி. தைலம் தேய்த்தார். போகவில்லை. சில வாரங்களில் கொடிக் கம்பிவரை கை போகவில்லை, பிறகு தலைவாரவும் வரவில்லை. அவருடைய கணவர் சலூன் வைத்திருக்கிறார். நான் முடிவெட்டிக்கொள்வது அவரிடம்தான். இந்தக் கதையில் பாதியை அந்த நாற்காலியில் தலையைக் குனிந்தபடியே கேட்டேன்.

"எனக்கு வெட்டத்தான் தெரியும் சார், பின்னத் தெரியாது. மொத நாள் நான் போட்ட சடையைத் தடவிப் பாத்துட்டு, 'என்னங்க, கயிறா திரிச்சிருக்கீங்க?'ன்னா. கோவிச்சுக்கிட்டேன். ஆனா மறுநாளும் சீப்பை எடுத்துக்கிட்டு என்கிட்டதானே வரணும்!"

மருத்துவர் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தோள்மூட்டு இறுகிவிட்டது, இந்த வயதில் பலருக்கும் வருவதுதான், விடாமல் பயிற்சி செய்தால் மெல்ல இளகும், ஆனால் பொறுமை வேண்டும் என்றார். அக்காவுக்குப் பொறுமை உண்டு. பூங்காவில் சொல்லும் துணிச்சல்தான் இல்லை. சொன்னால் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். கழிப்பறைப் பக்கமோ வண்டி நிறுத்தும் இடத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். அந்த மேடையை விட்டு எப்படி இருப்பது?

அதனால் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். வலது கை பாதி உயரம்தான் எழும்பும் என்பதால் உடம்பை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வார். கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் கை மேலே போன மாதிரிதான் இருக்கும். ஒரு கட்டத்தில் அதுவும் முடியாமல் இடது கையைத் தூக்க ஆரம்பித்தார். எந்தக் கை என்று யார் கேட்கப்போகிறார்கள்?

யாரும் கேட்கவில்லை, அந்த விடுமுறை நாள்வரை.

அன்று கூட்டம் நெரிந்தது. மூன்றாவது பெட்டியில் ஒரு இளம்பெண். கழுத்தில் நீளமான ஸ்கார்ஃப். "இதக் கழட்டி வெச்சிடும்மா" என்றார் அக்கா. "உள்ள சொருகிட்டேன் ஆண்ட்டி" என்று அந்தப் பெண் காட்டினாள். உண்மையில் சொருகித்தான் இருந்தது. அக்கா கம்பியை அழுத்தினார், க்ளிக் கேட்டது, அடுத்த பெட்டிக்குப் போனார். எல்லாம் முடிந்து கையைத் தூக்கப்போகிற நேரம், காற்று ஒரு சுழற்று சுழற்றியது. ஸ்கார்ஃபின் நுனி வெளியே வந்து இருக்கைக்கு வெளிப்பக்கமாகச் சரிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆடியது.

நிறுத்து என்று சொல்ல அக்கா இரண்டு கைகளையும் விசிறினார். இடது கை மேலே போனது. வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது.

கண்ணாடி அறையில் இருந்த ஆபரேட்டர் என்ன கண்டார்? தூக்கிய ஒற்றைக் கை. எப்போதும் பார்க்கிற அதே இடது கை. அந்தப் பக்கத்து ஊழியரின் கையும் மேலே. வண்டியை விட்டார்.

பெட்டிகள் ஒரு குலுக்கலோடு நகர்ந்தன. "நிறுத்துங்கண்ணே!" என்று அக்கா போட்ட கத்தல் பாட்டில் கரைந்துபோனது. தூணில் இருந்த சிவப்புப் பொத்தானைத் தேடி ஓடினார். ஓடிய வேகத்தில் உடம்போடு போய் அதன்மேல் மோதினார். மணி அலறியது. வண்டி நின்றது. மேடையின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. ஸ்கார்ஃபின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"என்ன ஆண்ட்டி, ரிப்பேரா?" என்று கேட்டாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அக்கா அவள் கழுத்திலிருந்து துணியை அவிழ்த்து மடித்து, பொருள் வைக்கும் பெட்டகத்தில் வைத்தார்.

சாப்பாட்டு வேளையில் ஆபரேட்டர் தன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். "நீ கை தூக்கினம்மா. என் கண்ணால பாத்தேன். அதான் விட்டேன்."

"தெரியும்ணே. தப்பு உங்களோடது இல்ல."

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரையும் நோண்டி நோண்டிக் கேப்பாங்க. விட்டுடு."

அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். டப்பாவை மூடிவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் அவரைவிட வயதில் சின்னவர், பொறுப்பேற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மேடம், எனக்குக் கை மேல போகாது" என்று ஆரம்பித்தார் அக்கா. சாய்ந்து நின்றது, இடது கைக்கு மாறியது, ஸ்கார்ஃப் என எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நான் நில்லுன்னு சொன்னேன். அவருக்கு அது 'போ'ன்னு தெரிஞ்சிருக்கு. கை சரியாகற வரைக்கும் என்னை அங்க நிக்க விடாதீங்க."

மேனேஜர் பேனாவை மேசைமேல் வைத்தார். "இவ்வளவு நாள் மறைச்சதுக்கு உங்கள நல்லா திட்டணும்."

"திட்டுங்க மேடம்."

"நீங்க வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதான் பயமா இருந்துச்சு. சொல்ல வந்தேன்."

திட்டு விழத்தான் செய்தது. ஆனால் வேலை போகவில்லை. அன்று மாலையே ஆபரேட்டரையும் மெக்கானிக்கையும் கூட்டி உட்காரவைத்து மேனேஜர் பேசினார். கையை மட்டும் நம்பி இனி வண்டியை விடக்கூடாது. மேடையின் இரண்டு பக்கமும் பச்சைப் பொத்தான் வைக்க வேண்டும். இரண்டு பக்கத்து ஊழியர்களும் சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்தால்தான் வண்டி கிளம்பும்படி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. அது வரும்வரை ஆளுக்கொரு சிவப்புக் கொடி. அக்காவை வரிசை தொடங்கும் இடத்தில் மைக்கோடு உட்காரவைத்தார்கள்.

அங்கே ஒரு அட்டை இருந்தது. 'பயணிகள் தங்கள் உடைமைகளைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' அக்கா அதை எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார். ஒரு ஜீவன் திரும்பிப் பார்க்கவில்லை. சில நாள் பொறுத்தார். ஒருநாள் மதியம் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

"எல்லாரும் பாக்கெட்டத் தொட்டுப் பாருங்க. போன் இருக்கா? மேல போனதும் அது உங்க பேச்சக் கேக்காது, தனியா எறங்கி வந்துடும். கீழ இருக்கறது நான். எனக்கு மண்டை ஒண்ணுதான் இருக்கு. தொப்பி போட்டிருக்கற அண்ணன், உங்களத்தான். தொப்பி பாதி வழியிலயே கோவிச்சுக்கிட்டுப் போயிடும், அப்புறம் கெஞ்சினாலும் வராது."

வரிசை சிரித்தது. தொப்பி பெட்டகத்துக்குள் போனது. பின்னாலேயே போன்கள், கண்ணாடிகள், சாவிக்கொத்துகள்.

ஒரு இளைஞன் மட்டும் மல்லுக்கு நின்றான். "அக்கா, கை தூக்கினாத்தான் ஜாலி. தூக்கினா என்ன, மேல கம்பி கிம்பி இடிக்குமா?"

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் பிடி பிடி என்று சொன்னாரே தவிர, ஏன் என்று யாரையும் கேட்டதில்லை. மெக்கானிக்கிடம் போய்க் கேட்டார். அவரும் பொறுமையாகச் சொன்னார். மறுநாள் மைக்கில் இது வந்தது:

"கையத் தூக்கினா ஏதாவது இடிக்குமான்னு ஒரு தம்பி கேட்டாரு. இடிக்காது. நெட்டையான ஆளு எம்பி நீட்டினாலும் எட்டாத மாதிரிதான் இடம் விட்டுக் கட்டியிருக்காங்க. பொய் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். ஆனா ரெண்டாவது பள்ளத்துல வண்டி படக்குன்னு திரும்பும். அப்ப கை சும்மா இருந்தா, உங்க முழங்கை பக்கத்துல இருக்கறவங்க மூக்கத் தேடிப் போகும். கடைசில பிரேக் போடும்போது உடம்பு முன்னால பாயும், தோளு வெடுக்குன்னு இழுக்கும். தோளு போனா என்ன ஆகும்னு என்னக் கேளுங்க. வீட்டுக்காரருதான் தலைவாரி விடணும். உங்க வீட்டுக்காரருக்குச் சடை பின்னத் தெரியுமா?"

எல்லாரும் கேட்டு நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடி அறையிலிருந்து பார்க்கிற ஆபரேட்டர், "இப்பல்லாம் திருப்பம் வர்றதுக்குள்ள முக்கால்வாசிக் கை கம்பிக்கு வந்துடுதும்மா" என்று வியந்தார். அக்கா பேசுவதைக் கேட்கவே சிலர் வரிசையில் மெதுவாக நகர்ந்தார்கள்.

வீட்டில் பயிற்சி நடந்தது. சுவரில் விரல்களைப் பதித்து, எறும்பு ஏறுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்த வேண்டும். பார்க்கச் சுலபம். செய்தால் உயிர் போகும். நடுவில் ஒருமுறை, "எனக்கு வேணாம், இந்தக் கை இப்படியே கிடக்கட்டும்" என்று அழுதுவிட்டு நிறுத்தியும் விட்டார். கணவர் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் சடையை வேண்டுமென்றே கோணலாகப் பின்னி விட்டார். அக்கா கண்ணாடியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், நேராகச் சுவர்ப் பக்கம் போனார்.

மழைக்காலம் போயிற்று. ஒருநாள் சமையலறை மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து இறக்கி வைத்த பிறகுதான் எந்தக் கையால் எடுத்தோம் என்பதே அக்காவுக்கு உறைத்தது. மறுபடி மேலே வைத்து மறுபடி எடுத்தாராம். முழுசாக நேராவதற்கு இன்னும் கொஞ்சம் பாக்கிதான். கடைசிவரை அந்தக் கொஞ்சம் அப்படியே நின்றுவிட்டது. பரவாயில்லை என்றார் மருத்துவர். அக்காவும் பரவாயில்லை என்றார்.

பச்சைப் பொத்தான்களும் வந்து சேர்ந்தன. மேனேஜர் கூப்பிட்டு, "மேடையா, மைக்கா? நீங்களே சொல்லுங்க" என்றார். அக்கா தயங்காமல், "ரெண்டும்" என்றார். காலையில் மேடை, மதியம் மைக் என்று அமைந்தது. மற்ற விளையாட்டுகளில் மைக் பிடிப்பவர்களும் அட்டையைக் கவிழ்த்துவிட்டு அவரவர் பேச்சில் பேசட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ராட்டினத்து ஆள் பாடவே ஆரம்பித்துவிட்டார்; அவரை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

வருடாந்திரப் பராமரிப்பு முடிந்ததும், வாசல் திறக்கும் முன் ஊழியர் குடும்பங்களை ஏற்றிச் சுற்றினார்கள். அக்கா கணவரோடு முதல் பெட்டியில் உட்கார்ந்தார். அவரே அதில் ஏறியது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை. அன்றும் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"நான் சவரக்கத்தியோட தொண்டைகிட்ட போறவன். எனக்கென்ன பயம்?" என்று கணவர் கீழே இருக்கும்போது சொன்னார். வண்டி செங்குத்தாக ஏற ஏற அவர் பேச்சு குறைந்தது. உச்சிக்கு வந்தபோது அக்கா பக்கம் திரும்பினார். "உனக்குத்தான் இப்போ கை நல்லா வருதே. தூக்கேன் ஒரு தடவை" என்றார், தன் பயத்தை மறைக்க.

"பேசாம கம்பியப் பிடிங்க."

பிடித்தார்கள். வண்டி பள்ளத்தில் பாய்ந்தது. அக்கா கண்ணை மூடவில்லை. இத்தனை வருஷம் வண்டியை அனுப்பிவைத்து, திரும்பி வந்ததை வாங்கி வைத்தாரே ஒழிய, நடுவில் இருப்பதை அவர் பார்த்ததே இல்லை. மரங்களின் தலை, அதற்கப்பால் ஈரக் கூரைகள், கூரைகளுக்கும் அப்பால் வெயில் விழுந்த ஒரு துண்டு நீர். எல்லாம் ஒரே வீச்சில் எழும்பி வந்து முகத்தில் அறைந்தன. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பயத்தில் கத்துகிறோம் என்றுதான் முதலில் நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றதும் கணவர் உடனே எழவில்லை. இரண்டு கைகளும் இன்னும் கம்பியில்தான். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது; சலூன்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"எறங்குங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்றார் அக்கா.

"ஏம்மா, அந்த ரெண்டாவது பள்ளத்துல நான் கண்ண மூடிட்டேன்" என்றார் அவர் மெதுவாக. "அங்க என்ன இருக்குன்னு பாக்கணும். திருப்பி வரிசையில நின்னா விடுவாங்களா?"