இரவு டப்பாவின் கழுத்துக்கோடு

“மூடும்போது யாருக்குமே தெரியலையா?” என்று மேனேஜர் கேட்டார். அவர் கையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. மேசையைச் சுற்றி நாங்கள் பதினொரு பேர் நின்றோம். பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை.

முகத்தில் பூசும் கிரீமை டப்பாவில் அடைத்து, மூடி, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவது எங்கள் கூடத்தின் வேலை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். “தரை தேயுதுடி, எங்கேயாவது போய்த் தொலை” என்று அம்மா விரட்டியதில் இங்கே வந்து சேர்ந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் திருகு அக்கா.

மூடியைத் திருகித் திருகியே வந்த பெயர் அது. இருபத்தோரு வருஷமாக அதே நாற்காலி. தன் வாழ்க்கையை அக்கா டப்பாக்களை வைத்துத்தான் கணக்குச் சொல்வார். தகர மூடி போட்ட கண்ணாடிப் புட்டிக் காலத்தில் கல்யாணம். பிளாஸ்டிக் டப்பா வந்த வருஷம் மகன் பிறந்தான். பிதுக்கும் டியூப் வந்தபோது கணவர் வெளியூருக்கு வேலைக்குப் போனார். மெல்ல மெல்லப் போன் செய்வதையும் நிறுத்திவிட்டார்.

“அழுத்துற பம்ப் வந்தப்போ?” என்று கேட்டேன்.

“அப்போதான் எனக்கு அழுகையே நின்னுச்சு. எவ்வளவு அழுத்தினாலும் வரல” என்று சொல்லிவிட்டு அக்கா மேசை அதிரச் சிரித்தார்.

இப்போது வரும் டப்பாக்களைக் கண்டால் அவருக்குக் கேலிதான். சுவர் விரல் தடிமன் இருக்கும், உள்ளே கிரீம் கொஞ்சம்தான். “வீடு பெருசு, குடியிருக்கிற ஆளு பொடியன்” என்பார். உள்ளே இருக்கும் கிண்ணத்தை மட்டும் கழற்றி, வேறு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். குப்பை குறையும் என்று அட்டையில் ஓர் இலைப்படம் இருக்கும். பளபளப்பெல்லாம் போய்விட்டது. டப்பா வெளிர் நிறம், எழுத்து அதைவிட வெளிர். “என்னடி இது, எழுத்துக்கு வெட்கமா? உள்ளே போய் ஒளிஞ்சுக்கிச்சு” என்பார் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள்.

அது வெறும் கேலி இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், அக்கா ஒரு லேபிளை மூக்கு உரசுமளவுக்குப் பிடித்துப் படிப்பதைப் பார்த்துவிட்டேன்.

“எழுத்தெல்லாம் கலங்குதுடி. கண்ணாடி மாத்தியும் சரியாகல. மேல தெரிஞ்சா நாற்காலி போயிடும்” என்றார். பிறகு என் கட்டைவிரலை எடுத்து ஒரு டப்பாவின் கழுத்தில் வைத்தார். மெல்லிய மேடாக ஒரு கோடு தட்டுப்பட்டது. இரவில் பூசும் கிரீம் டப்பாவுக்கு மட்டும் அந்தக் கோடு உண்டு, பகல் கிரீமுக்குக் கிடையாது. திருகும்போது விரல் தானாக அதைத் தேடும். “இதுதான் என் கண்ணு. யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, உன் மூடியையும் திருகிடுவேன்.”

நான் வாயைத் திறக்கவில்லை, டப்பாவை வரையும் டிசைனர் வரும்வரை.

மகனைக் கல்லூரியில் சேர்க்க அக்கா லீவு போட்ட நாளில் அவர் வந்தார். மாதிரி டப்பாக்களை மேசையில் பரப்பி, “இதுல எது பழசா தெரியுது? கூச்சப்படாம சொல்லுங்க” என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கோ, மூடி திருகத்தான் லாயக்கு என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாதே என்றிருந்தது.

“இந்தக் கோடு சார். மருந்து டப்பா மாதிரி இருக்கு. எடுத்துட்டா வழுவழுன்னு அழகா இருக்கும்.”

அவர் குறித்துக்கொண்டார். “உனக்கு நல்ல கண்ணும்மா” என்றார்.

மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். சொல்லும்போது என் கட்டைவிரல் அந்தக் கோட்டின் மேல்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்துப் புது டப்பாக்கள் வந்தன. அக்காவின் விரல் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடியும் சுற்றியது.

“கோடு எங்கடி போச்சு?”

“புது மாடல்க்கா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதன் பிறகு, டப்பாத் தட்டு மாறும்போதெல்லாம் “பகல்”, “இரவு” என்று அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். செய்த தப்பைச் சரிசெய்துவிட்டதாக ஒரு நினைப்பு. ஒருநாள், புது டப்பாவைக் கையில் பிடித்தபடி விளம்பரப் படத்துக்கு நிற்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் நின்றேன். நான் திரும்புவதற்குள், ஒரு தட்டு நிறைய இரவுக் கிரீம் பகல் பெட்டிக்குள் போயிருந்தது. வெயிலுக்கு ஆகாத அந்தக் கிரீமைப் பூசிக்கொண்டு வெளியே போன ஒரு பெண்ணுக்கு முகம் சிவந்து எரிந்ததாம். கடையிலிருந்து டப்பாக்கள் திரும்பி வந்தன. அப்போதுதான் மேனேஜர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நான்தான் சார். கவனம் சிதறிடுச்சு” என்றார் அக்கா. கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

கோட்டைப் பற்றிப் பேசினால் அக்காவின் ரகசியம் வெளியே வந்துவிடும், அதனால்தான் சும்மா இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் ‘நல்ல கண்ணு’ என்று வாங்கிய பெயரை விட்டுவிட எனக்கு மனசில்லை. மறுநாள் அக்காவைப் பின்பக்கக் கொட்டகையில் பழைய அட்டைகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் கொட்டகைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஓர் அட்டையை மிதித்து மடித்துக்கொண்டே கேட்டார்.

“பரவாயில்லைன்னு சொல்வேன்னு வந்தியா?”

நான் குனிந்து அடுத்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

“சொல்ல மாட்டேன். என்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது? போய் அவங்ககிட்ட சொல்லு. என் கண்ணையும் சேர்த்தே சொல்லு. ஒளிச்சு வச்சு நான் என்னத்தைக் கண்டேன்?”

சொன்னேன். மேனேஜர் ஒரு புது டப்பாவை எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். “இந்த டப்பாவுக்கு அச்சு வெட்டியாச்சு. அடுத்த மாடல்ல பார்க்கலாம்” என்றார். டிசைனருக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. அக்கா இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறார். நான் அந்தப் பக்கம் போனால், “வந்துட்டாங்க நல்ல கண்ணு” என்பார். சிரிக்க மாட்டார்.

இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். “எழுது. நாலு பேருக்குப் போய்ச் சேர்ற மாதிரி எழுது” என்றார். அதனால்தான் கேட்கிறேன். டப்பாவோ புட்டியோ வரைகிறவர், அச்சு வெட்டுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவர்களிடம் கொடுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். டப்பா எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கழுத்தில் ஒரு கோடு மட்டும் விரலுக்குத் தட்டுப்படட்டும்.