கப்பலில் ஓட்டை போட்டவன்

அண்ணன் இறந்து துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவன் கப்பலில் என்ன வேலை பார்த்தான் என்று தெரியவில்லை. பெரியப்பா அவனைக் கேப்டன் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். பக்கத்து வீட்டு டெய்லர், இன்ஜின் அறையில் வேலை என்று யாரிடமோ உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டை போடுவான்" என்றாள். கேட்டவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல எனக்கு அப்போது தெம்பு இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணன் சுற்றுலாக் கப்பலின் வரவேற்பு மேஜையில் இருந்தான். அந்த மேஜைக்குப் பல வேலைகள் உண்டு. ஆனால் பயணிகள் ஏறும் நாளில் ஒரே வேலைதான். கார்டு. கப்பலில் ஏறுபவர்களை முதலில் துறைமுகக் கட்டடத்தில் நிறுத்தி, பாஸ்போர்ட்டைப் பார்த்து, முகத்தைப் படம் எடுப்பார்கள். மேலே போனால், அவரவர் அறைக் கதவுக்கு வெளியே ஒரு உறையில் அவரவர் பெயர் போட்ட கார்டு காத்திருக்கும். அது இல்லாமல் அறை திறக்காது, ஒரு டீ கிடைக்காது, ஊர் பார்க்க இறங்கினால் திரும்பி ஏற முடியாது. வாசலில் காட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், திரையில் நம் முகம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் நாம் கப்பலில் இருக்கிறோம் என்று அர்த்தம்.

இவ்வளவு முக்கியமான கார்டை எங்கே வைத்துக்கொள்வது என்று எல்லோருக்கும் குழப்பம். நீச்சல் உடையில் பாக்கெட் கிடையாது. ஆகவே கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆசைப்படுவார்கள். அதற்குக் கார்டில் ஓட்டை வேண்டும். ஓட்டைக்கு அண்ணனிடம் வர வேண்டும். இரும்பில் செய்த சின்ன இடுக்கி மாதிரி ஒரு கருவி அவன் கையில் இருக்கும். "உலகத்திலேயே கப்பல்ல ஓட்டை போட்டு சம்பளம் வாங்குற ஒரே ஆளு நான்தான்" என்பான். லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைப் புதிதாகச் சொல்வது போலவே சொல்வான். அப்பா ஒவ்வொரு தடவையும், "அப்ப முழுகினா உன்னைத்தான் பிடிப்பாங்க" என்பார்.

சின்ன வயதிலிருந்தே அண்ணன் எதையும் பாதியில் விடமாட்டான். குழாய் சொட்டினால் எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் அடுத்த வாய் சோறு. யாராவது கூப்பிட்டால், அது வாசலில் வந்து நிற்கும் தபால்காரராக இருந்தாலும், குரல் முடிவதற்குள் போய் நிற்பான். "இவன் கால்ல ஸ்பிரிங் இருக்கு" என்பாள் அம்மா. மேஜை வேலைக்கு அவனை எடுத்ததே அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ஆளில்லாத அறையில் லைட் எரியக் கூடாது. தூங்கப் போகும் முன் வீடு முழுக்க ஒரு சுற்று வருவார். "யாரு ரூம்ல லைட்டு எரியுது?" என்று அவர் கேட்டபடி வரும் சத்தத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். சில நேரம் ஆள் உள்ளே இருக்கும்போதே அணைத்துவிடுவார். குளியலறையிலிருந்து அம்மா கத்துவாள்.

வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, குடும்பத்தை ஒரு தடவை கப்பலில் கூட்டிப்போக அண்ணனுக்குச் சலுகை கிடைத்தது. அப்பா, அம்மா, நான், மூன்று பேருக்கும் ஓர் அறை போட்டான். "தண்ணியில மிதக்க அவ்வளவு தூரம் போகணுமா, மொட்டைமாடி டேங்க்ல இறங்கினா போதாதா" என்று அப்பா இழுத்தடித்தார். பிறகு ரகசியமாகப் புதுச் செருப்பு வாங்கி வந்தார். அந்தச் செருப்பைப் போடாமலேயே கண்ணை மூடிவிட்டார். அண்ணன் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தான். அம்மா மாட்டேன் என்றுதான் சொன்னாள். கடைசியில், "இவன் எங்க நின்னு வேலை செய்யுறான்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள்.

துறைமுகக் கட்டடத்தில் எங்களைப் படம் எடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "மூணாவது ஆளு பின்னால வர்றாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "வரல" என்றேன்.

"பரவாயில்லை. வராதவங்களை மேல கழிச்சிடுவாங்க" என்றாள் அந்தப் பெண். எங்களுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

எங்கள் அறைக் கதவுக்கு வெளியே மூன்று உறைகள் இருந்தன. அம்மா மூன்றையும் எடுத்துக்கொண்டாள். அது ஜன்னல் இல்லாத உள்ளறை. கதவைத் திறந்ததும் கும்மிருட்டு. அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் பின்னாலேயே வந்து, சுவரில் இருந்த ஒரு செருகலைக் காட்டினார். "இதுல ஒரு கார்டை சொருகினாத்தான் லைட்டு எரியும்மா. எடுத்தாலும் உடனே அணையாது. நீங்க கதவுக்கு வெளிய போற வரைக்கும் கொஞ்சம் டைம் குடுக்கும்."

"அப்ப கார்டை எடுத்துட்டு வெளிய போனா ரூம் இருட்டாயிடுமா?"

"ஆமாம்மா."

அம்மா கையிலிருந்த மூன்று கார்டுகளையும் ஒருமுறை புரட்டினாள். அப்பா பெயர் இருந்ததை எடுத்துச் செருகினாள். லைட் எரிந்தது. "இவரு ரூம்லயே இருக்கட்டும். நாம வெளிய போவோம்" என்றாள்.

ஊழியர் போனபின் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "ஆயுசு முழுக்க அணைச்சுக்கிட்டே இருந்தாரு" என்றாள். அழப்போகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டு நான் அண்ணனைப் பார்க்கக் கீழே போனேன். அவன் மேஜைக்கு முன்னால் கல்யாண வீட்டுப் பந்தி போலக் கூட்டம். என்னைக் கண்டதும் புருவத்தை மட்டும் உயர்த்தி ஓரமாக நிற்கச் சொன்னான். தொப்பி வைத்த ஒருவர் கோபத்தில் இருந்தார்.

"காலையில வாங்கின கார்டு. கதவே திறக்கல. என்ன கப்பல் நடத்துறீங்க?"

அண்ணன் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு ஓட்டை. "இதை யாரு சார் போட்டது?"

"நான்தான். நகவெட்டி இருந்தது. உங்க வரிசையில நிக்க முடியல."

"கார்டுக்குள்ள ஓரமா முடி மாதிரி ஒரு கம்பி சுத்தி ஓடுது சார். அது அறுந்தா கார்டு செத்துப்போச்சு. நான் அதுக்கு உள்பக்கமா போடுவேன். வேற தர்றேன், இருங்க."

"அப்ப இது?"

"இது இனி லைட்டு எரிய வைக்கத்தான் ஆகும். சுவத்துல இருக்கிற செருகலுக்கு அட்டைன்னு ஒண்ணு இருந்தா போதும், எந்த அட்டைன்னு பார்க்காது." தொப்பிக்காரரின் மனைவி, "எங்க வீட்டு ஆளு மாதிரி" என்றாள். வரிசையே சிரித்தது.

கூட்டம் குறைந்த நேரத்தில் அவனிடம் கேட்டேன். "வராதவங்க கார்டை என்ன பண்ணுவீங்க?"

அவன் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே பேசினான். "கிளம்புறதுக்கு முன்னால திரும்ப வாங்கணும். இல்லேன்னா அது வேலை செய்யாதுன்னு உறுதி பண்ணணும். போன வருஷம் எங்க மேஜையில ஒருத்தர் அப்படி ஒரு கார்டை விட்டுட்டாரு. அதை வெச்சு வேற எவனோ ஏறிட்டான். விட்டவரை அடுத்த துறைமுகத்துலயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஏன் கேக்குற?"

நான் பதில் சொல்வதற்குள் மேஜை போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தான். எடுத்தவன் முகம் மாறியது. மறுமுனையில் பேசியது எனக்கும் கேட்டது. எங்கள் அறை ஊழியரின் குரல்தான். "வராதவரோட கார்டை வாங்க வந்தேன் சார். ஒரு அம்மா குடுக்க மாட்டேங்குறாங்க. லைட்டு அணைஞ்சிடும்னு சொல்றாங்க. வேற அட்டை தர்றேன்னாலும் கேக்கல."

"நானே வர்றேன்" என்றான் அண்ணன்.

வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, இடுக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். படிகளை இரண்டிரண்டாக ஏறினான், நான் பின்னால் ஓடினேன்.

அம்மா செருகலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊழியர் சங்கடத்தோடு வெளியே நின்றார். அண்ணன் அவரைப் போகச் சொன்னான்.

"அம்மா, அந்த கார்டைக் குடும்மா."

"உங்கப்பாவோடதுடா."

"தெரியும்மா. வாங்கிட்டுப் போகணும். ரூல்."

"லைட்டு?"

"என் பழைய கார்டு ஒண்ணு தர்றேன். எதை வெச்சாலும் எரியும்."

"எதை வெச்சாலும் எரியும்னா, இதையே வெச்சா என்ன?"

மேஜையில் யார் என்ன கேட்டாலும் பதில் வைத்திருப்பவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மாதான் மறுபடி பேசினாள். "ஆளே இல்லேன்னு ஆன பிறகு பேரு போட்டு கார்டு எப்படிடா வந்தது? நீதானே இதெல்லாம் பார்க்குறவன்."

"நான்தாம்மா எடுத்திருக்கணும்."

"ஏன் எடுக்கல?"

"எடுக்கணும்னுதான் கம்ப்யூட்டர்ல அப்பா பேரைத் திறப்பேன். 'இந்தப் பயணியை நீக்கவா'ன்னு கேக்கும். ஆமான்னு ஒரு தடவை தட்டினா போதும்." விரலைக் காற்றில் தட்டிக் காட்டினான். "மூடி வெச்சுடுவேன். நாளைக்குப் பண்ணிக்கலாம்னு. அப்படியே அச்சுக்குப் போயிடுச்சு."

அம்மா எழுந்து அவன் கையைப் பிடித்தாள். "இதுக்கு உன் வேலை போயிடுமா?"

"வாங்காம போனா கேள்வி வரும்."

"அப்ப எடுத்துக்க." சொல்லிவிட்டாளே தவிர, கையை விடவில்லை. கார்டு இன்னும் செருகலில்தான் இருந்தது. எடுக்க வேண்டியவன் அவன்தான். அவனும் எடுக்கவில்லை.

கப்பல் கிளம்பப் போகும் அறிவிப்பு கேட்டது. அண்ணன் வாட்சைப் பார்த்தான், செருகலைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்தான்.

கார்டை உருவினான். லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கார்டை வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தான். எத்தனையோ ஆயிரம் கார்டுகளில் அவன் கவனமாகத் தவிர்த்த இடம் அது. அங்கேயே, கம்பி ஓடும் ஓரத்திலேயே வைத்து அழுத்தினான். சின்னதாக ஒரு வட்டம் தரையில் விழுந்தது. வெளியே போய்க் கதவைச் சாத்தி, அந்தக் கார்டை வைத்துப் பார்த்தான். திறக்கவில்லை. நான் உள்ளிருந்து திறந்தேன். அதற்குள் அறை இருட்டாகியிருந்தது. அம்மா இருட்டில் நின்றிருந்தாள்.

அண்ணன் கார்டைச் செருகலில் வைத்தான். லைட் எரிந்தது.

வாக்கி டாக்கியை எடுத்து மேஜைக்குச் சொன்னான். "அந்த ரூம் கார்டு முடிஞ்சுது. அது..." பொத்தானை விட்டு மறுபடி அழுத்தினான். "அது இனி எந்தக் கதவையும் திறக்காது." 'செத்துப்போச்சு' என்று தொப்பிக்காரரிடம் சொன்ன வார்த்தையை அவன் சொல்லவில்லை.

குனிந்து, தரையில் கிடந்த சின்ன வட்டத்தைத் தேடி எடுத்து அம்மா தன் பர்சில் போட்டுக்கொண்டாள். "ஓட்டையில விழுந்ததைக் கூட விடமாட்டியா" என்றான் அண்ணன். "நீ மட்டும் விட்டுட்டியாக்கும்" என்றாள் அம்மா.

அந்தப் பயணம் முழுக்க, தூங்கும் நேரம் தவிர, எங்கள் அறையில் லைட் அணையவே இல்லை. நாங்கள் சாப்பிடப் போனாலும், மேல்தளத்தில் காற்று வாங்கப் போனாலும், திரும்பி வரும்போது அறை வெளிச்சமாக இருக்கும். அம்மா கதவைத் திறந்ததும், "பார்த்தியா, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு" என்பாள். தூங்கும்போது அவளே எழுந்து தலைமாட்டு சுவிட்சை அணைப்பாள். அண்ணன் வேலைக்கு நடுவே அடிக்கடி எங்கள் அறைப் பக்கமாகப் போனான். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவான் என்று அறை ஊழியர் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

இறங்கும் நாள் காலையில் எங்கள் பெட்டியைத் தூக்க அண்ணனே வந்தான். இறங்கும் நாளிலும் மேஜையில் கூட்டம் நெரியும். அவன் வந்திருக்கவே கூடாது. எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டதா என்று கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான். பிறகு மூவரும் கதவருகே வந்தோம்.

அம்மா செருகலிலிருந்து கார்டை எடுத்தாள். அதைத் துடைத்துப் பர்சில் வைத்தாள். லைட் எரிந்துகொண்டே இருந்தது. நான் கதவைச் சாத்தப் போனேன்.

"இரு" என்றாள் அம்மா.

நின்றோம். அண்ணன் இடுப்பில் வாக்கி டாக்கி அவனைக் கூப்பிட்டது. அவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டது. யார் குரலுக்கும் ஓடுபவன், கையில் பெட்டியோடு அறைக்குள் பார்த்தபடி அப்படியே நின்றான்.

லைட் அணைந்தது.

"அணைச்சுட்டாரு. வா, போலாம்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் அண்ணன் வாக்கி டாக்கியை எடுத்தான். "வர்றேன்" என்றான்.