சுவரில் தெரிந்த மஞ்சள் விளிம்பு

1. வேறு ஸ்பானர்

முப்பத்திரண்டாம் நம்பர் ரிங் ஸ்பானர் தொங்க வேண்டிய ஆணியில் வேறொரு ஸ்பானர் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்தபோது, அந்த முப்பத்திரண்டால் வேலை பார்த்த டிரெய்லர் கேட்டைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

திருவொற்றியூரில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு வேலை செய்யும் ஒரு கராஜில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். இது நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள்.

2. சுவர்

நான் சேர்ந்தபோது கருவிகளெல்லாம் பாதியாக வெட்டிய ஆயில் டிரம்மில் கிடக்கும். கடல் காற்றில் துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்பானரைத் தேடுகிற நேரத்தில் ஒரு போல்ட்டையே கழற்றிவிடலாம்.

சுவரில் பிளைவுட் அடித்து, ஒவ்வொரு கருவியையும் வைத்து வரைந்து, அதன் உருவத்தை மஞ்சள் பெயின்டால் நிரப்பினோம். கருவி ஆணியில் இருந்தால் மஞ்சள் தெரியாது. முதலில் ஸ்பானர் ஒரு பக்கம், சுத்தியல் ஒரு பக்கம் என்று வகை வகையாக மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் ஒரு யூ-போல்ட்டை டைட் பண்ண மெக்கானிக் சுவரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். அதனால் எந்த வேலைக்கு எவை சேர்ந்து தேவையோ அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் மாற்றினேன். கனமானவை இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. வாரம் ஒருமுறை ஆயில் துணியால் துடைக்க வேண்டும்.

கருவி வண்டியோடு போய்விடாமலிருக்க ஒரு விதியும் வைத்தோம். எங்காவது மஞ்சள் தெரிந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார்.

சீனியர் மெக்கானிக் அந்தோணி ராயபுரத்துக்காரர். பெயின்ட் காய்வதற்குள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பொணம் வுழுந்த எடத்துல போலீஸு கோடு போட்ட மாறி கீது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

3. அந்தக் காலை

டிரைவர் முருகேசனுக்கு அன்று ஹார்பரில் கன்டெய்னர் பெட்டி இறக்க வேண்டும். க்யூவில் இடம் போனால் பகல் முழுக்க கேபினிலேயே கிடக்க வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். அந்தோணி யூ-போல்ட்டை முடுக்கி முடித்தார். கருவிகளைத் திரும்ப மாட்டும்போது முப்பத்திரண்டைக் காணோம். சுவரில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. தன் சொந்தப் பையிலிருந்து ஒரு இருபத்தேழை எடுத்து அங்கே மாட்டினார். தூரத்திலிருந்து பார்த்த வாட்ச்மேனுக்குச் சுவர் நிறைந்திருந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்.

கிட்டப் போன எனக்கு, சின்ன ஸ்பானரைச் சுற்றி மஞ்சள் விளிம்பு தெரிந்தது.

"அந்தோணி, முப்பத்திரண்டு எங்கப்பா?"

"இங்கதான்க்கா எங்கியாச்சும் கெடக்கும். முருகேசன் ஒரே பேஜாரு பண்ணிகினு இருந்தாரு. சொவுரு காலியா இருந்தா வண்டிய வுட மாட்டியே, அதான்..."

"வண்டியில விட்டியா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஆக்ஸில் மேல வெச்ச ஞாபகம்" என்றார்.

அது கனமான இரும்பு. பள்ளத்தில் வண்டி குதித்தால் ரோட்டில் விழும். பின்னால் வருவது லாரியாக இருந்தால் பரவாயில்லை. எர்ணாவூரிலிருந்து என் மகள் அதே நேரத்தில், அதே ரோட்டில்தான் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போவாள். அவளுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவளே நான்தான். முருகேசனும் எடுக்கவில்லை.

அந்தோணி பைக்கை எடுத்துவிட்டிருந்தார். பின்னால் ஏறிக்கொண்டேன். வழி நெடுக என் கண் டிரெய்லர்களைத் தேடவில்லை, தார்ச் சாலையைத்தான் பார்த்தது. ஓரத்தில் எங்கே இரண்டு பேர் கூடி நின்றாலும் பைக்கை மெதுவாக்கச் சொன்னேன். சுவரைப் பார்த்து அவர் சொன்ன அந்தப் போலீஸ் கோடு நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

காசிமேடு பக்கம் க்யூவில் வண்டி நின்றிருந்தது. அந்தோணி படுத்தபடியே அடியில் நுழைந்தார். ஸ்பானர் ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. வெளியே வந்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

முருகேசன் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, ஒரு ஸ்பானருக்கா இம்மாந்தூரம்? போன் அடிச்சிருந்தா நானே எட்த்து வெச்சிருப்பேனே."

"அடிச்சோம்" என்றார் அந்தோணி.

அப்போதுதான் மகள் கூப்பிட்டாள். "காலேஜ் வந்துட்டேன்மா. இன்னா இத்தினி மிஸ்டு கால்? எதனா மறந்துட்டேனா?"

"இல்ல, சும்மாதான்" என்றேன்.

4. பிறகு

முதலாளி அந்தோணியை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார். வேண்டாம் என்றேன். க்யூ போய்விடும் என்று ஒருவர் தலைமேல் நின்று கத்தும்போது யார் கையும் அந்த ஆணிக்குத்தான் போகும். அந்தோணி போனால் அடுத்தவர் அங்கே வேறொன்றை மாட்டுவார். ஆள் மாறுவதைவிட வழக்கம் மாறட்டும் என்றேன்.

இப்போது சொந்தக் கருவிப் பை கேட்டோடு நின்றுவிடுகிறது. வேலை செய்த மெக்கானிக்கும் வண்டியை எடுக்கும் டிரைவரும் சேர்ந்து நின்று சுவரைப் பார்த்த பிறகே கேட் திறக்கும். காலியான இடத்துக்காக யாரையும் திட்டுவதில்லை. க்யூ போனால் போகட்டும் என்று முதலாளியே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று, ஆனால் சொன்னார்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவிச் சுவரின் பயன் அதன் காலி இடத்தில் இருக்கிறது. அதை மறைத்தால் சுவர் வெறும் அலங்காரம்.

போன வாரம் ஒரு சுத்தியல் காணோம். டிரைவர் ஹார்ன் மேல் ஹார்ன் அடித்தார். அந்தோணி மஞ்சளுக்கு முன்னால் நின்றுகொண்டு, "நீ எம்மாம் ஹார்ன் அடிச்சாலும் இந்த எடம் காலியாத்தான் கீது, மாமு. எறங்கி வந்து நீயும் தேடு" என்றார்.

டிரைவர் முணுமுணுத்தபடி இறங்கினார். நானும் தேடினேன். டிரெய்லரை மாட்டும் ஃபிப்த் வீலுக்குப் பின்னால், வண்டிச் சட்டத்தின் மேல் கிடந்தது.

மாட்டிவிட்டு மணி பார்த்தேன். என் மகள் ரோட்டில் இருக்கும் நேரம்.